காதைத் தொட்டால் ஐந்து வயது

போன மாதம் நியூஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவில் ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள் விருந்துக்குப் போயிருந்தோம். நான் ஓய்வு பெற்ற அதே மருத்துவமனைக் குழுமத்தில், அதே பிரிவில் இப்போது வேலை பார்க்கும் திவ்யா என்ற பெண்ணும் வந்திருந்தாள். தட்டோடு என் பக்கத்தில் உட்கார்ந்து போனை நீட்டினாள்.

"அங்கிள், இதப் பாருங்க. ஏஐ டூல்கிட்ட ரெண்டு பாரா டைப் பண்ணேன். நான் காபி எடுத்துட்டு வர்றதுக்குள்ள மொத்த டேட்டா மாடலையும் வரைஞ்சிடுச்சு. உங்க காலத்துல இதுக்கு எவ்ளோ நாள் ஆகும்?"

"எட்டு மாசம்."

"எட்டு மாசமா! அவ்ளோ நாள் என்னதான் பண்ணீங்க?"

"பயந்துக்கிட்டு இருந்தேம்மா."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். என் மனைவி ஜெசிந்தா மட்டும் சிரிக்கவில்லை. "வெளையாட்டுக்குச் சொல்லல, நெசமாத்தான் சொல்லுதாவ" என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் திவ்யாவின் கேள்வி என்னை விடவில்லை. அதற்குச் சரியான பதிலை எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். ஒற்று விட்டுப்போயிருந்தால் நீங்களே போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

பள்ளியை விட்டதும் தூத்துக்குடியில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் சேர்ந்தேன். யார் அனுப்பியது, யாருக்கு, எத்தனை பெட்டி, எந்த லாரி என்று நாள் முழுக்க எழுதுவது வேலை. பிறகு அங்கே ஒரு கம்ப்யூட்டர் வந்தது. மற்றவர்கள் பக்கத்தில் போகவே தயங்கியதால் அதை என் தலையில் கட்டினார்கள். ஜெசிந்தா நர்ஸ். அவளுக்கு நியூஜெர்சியில் வேலை கிடைத்து, அவள் கிரீன் கார்டோடு ஒட்டிக்கொண்டு நானும் வந்து சேர்ந்தேன். மருத்துவமனைக் குழுமத்தின் ஆவணப் பிரிவில் டேட்டா என்ட்ரி வேலை கிடைத்தது. விண்ணப்பப் படிவத்தில் 'கல்வித் தகுதி' என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். யாரோ அதில் 'ஹை ஸ்கூல்' என்று தட்டியிருந்தார்கள். நான் திருத்தவில்லை. அன்று பிடித்த பயம் பல வருஷம் என்னோடேயே குடியிருந்தது.

இயல்பிலேயே நான் பயந்தவன்தான். வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷனில் காரை நிறுத்திவிட்டு, ரயில் வருகிற சத்தம் கேட்ட பிறகும் விளக்கை அணைத்தேனா என்று திரும்பி ஓடியிருக்கிறேன். 'இப்படி ஆகிவிட்டால்?' என்று நினைப்பதற்குச் சம்பளம் கொடுக்கிற வேலை ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஒருநாள் ஒரு கட்டுத் தாளைக் கொடுக்க மூன்றாவது மாடிக்குப் போனேன். அங்கே ஒரு சுவர் முழுக்க, தரையிலிருந்து கூரை வரை, ஒரே படம். நூற்றுக்கணக்கான பெட்டிகள், பெட்டிக்குப் பெட்டி கோடுகள். நோயாளி, வருகை, படுக்கை, மருந்து, மருத்துவர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி. குழுமத்தின் ஐந்து மருத்துவமனைகளும் அவற்றின் கிளினிக்குகளும் அந்தச் சுவரில் இருந்தன. அதற்கு முன் கோயில் கோபுரத்தைப் பார்த்துத்தான் அப்படி வாய் பிளந்து நின்றிருக்கிறேன். அப்போது என் பின்னாலிருந்து தமிழில் ஒரு குரல் வந்தது.

"என்னங்ண்ணா, ரொம்ப நேரமா பாக்கறீங்க?"

அதுதான் சுமதி. ஈரோட்டுப் பக்கம். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அந்தப் பிரிவின் தலைவர்.

"லாரி ஆபீஸ்ல ஒரு பில்லுக்குப் பல பெட்டி போகும் மேடம். இந்தக் கோடு அது மாதிரிதானா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அடுத்த மாதம் நான் அந்த மாடிக்கு மாற்றப்பட்டேன்.

வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மருத்துவமனையும் தனக்கென ஒரு கம்ப்யூட்டர் முறை வைத்திருந்தது. எல்லாவற்றிலிருந்தும் தகவலை எடுத்து ஒரே தரவுக் கிடங்கில் சேர்க்க வேண்டும். வீடு கட்டுவதற்கு முன் வரைபடம் போடுகிறோமே, அதுபோல் அந்தக் கிடங்குக்கு வரைபடம் போடுவதற்கென்றே ஒரு மென்பொருள் உண்டு. அதில் பெட்டியை வரைந்து, கோட்டை இழுத்து இன்னொரு பெட்டியில் விட வேண்டும். கோட்டின் நுனி ஒற்றையாக முடிந்தால் 'ஒன்று'. மூன்று விரலாகப் பிரிந்தால் 'பல'. அதற்கு இங்கிலீஷிலும் காக்கைக்கால் என்றுதான் பெயர். எல்லாம் முடிந்து ஒரு பட்டனை அழுத்தினால் படம் முழுக்கக் கட்டளைகளாக மாறிப் பல்லாயிரம் வரிகளாகக் கொட்டும். முதல் தடவை அதைப் பார்த்தபோது நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நின்றுவிட்டேன்.

சுமதி குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பிளாஸ்க்கில் வெந்நீர், கையில் பென்சில், அவ்வளவுதான். ஒவ்வொரு கோட்டையும் இரண்டு பக்கமிருந்தும் வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பது அவர் முறை. முதல் வாரம் நான் படித்தேன்.

"ஒரு நோயாளிக்கு ஒன்றோ பலவோ வருகைகள் இருக்கலாம். ஒரு வருகை ஒரே ஒரு நோயாளிக்கு உரியது."

அவர் வெந்நீர் ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கேட்டார். "எப்பவுமேங்களா?"

"எப்பவுமேதான் மேடம்."

"பிரசவத்துக்கு வர்ற அம்மா? வரும்போது ஒரு ஆளு. போகும்போது?"

அவர் அந்தக் கோட்டின் மேல் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைத்தார். சந்தேகம் தீரும்வரை அந்தப் புள்ளி அங்கேயே இருக்கும். உலகத்தில் யாராவது ஒருவருக்கு அந்தக் கோடு பொய்யாகுமா என்று தேடிவிட்டுத்தான் அழிப்பார். அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குப் புல்லரித்தது. ஒரு கோட்டுக்குள் ஒரு பிரசவம் இருந்திருக்கிறது, நான் அதைப் பார்க்காமல் தாண்டிப் போயிருக்கிறேன்.

இன்னொன்று, 'நல்' (null) என்கிற விஷயம். பூஜ்யமும் இல்லை, வெற்று எழுத்தும் இல்லை. 'தெரியாது' என்பதற்குக் கம்ப்யூட்டரில் இருக்கிற பெயர். அதை எனக்குப் புரியவைத்தது ஜெசிந்தா. "அலர்ஜின்னு போட்ட எடம் காலியா இருந்தா அதுக்கு என்ன அர்த்தம்? அலர்ஜி இல்லையா, இல்ல யாரும் கேக்கவே இல்லையா? ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சு ஊசி போட்டா ஆளு காலி" என்றாள். தெரியாது என்று சொல்வதற்கு ஒரு தனி இடம் ஒதுக்கி வைத்தவன் யாரோ, அவன் என்னைப் போல் பயந்தவனாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இனி, அந்த மாடிக்குப் போய்ப் பல வருஷம் கழித்து நடந்த ஒரு விவகாரத்துக்கு வருகிறேன்.

வெவ்வேறு இடத்திலிருந்து வரும் பதிவுகளில் எது எது ஒரே ஆளுடையது என்று கிடங்கு தானே கண்டுபிடிக்க வேண்டும். அந்த விதியை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. இரண்டு பேரை ஒருவர் என்று சேர்த்துவிட்டால் ஒருவரின் ரத்த வகை மற்றவருக்குப் போய்விடும். இந்தப் பயத்தில் நான் விதியை இறுக்கினேன். பெயர், முகவரி, போன் எல்லாம் பொருந்தினாலும் பிறந்த தேதி மாறினால் அவர்கள் இரண்டு பேர். பிறந்த தேதி நோயாளியின் பெட்டிக்குள்ளேயே ஒரு வரி. ஒருவருக்கு ஒன்றே ஒன்று. காலியாக விடவும் கூடாது. ஏனோ அந்த இடத்தில் சுமதியும் "எப்பவுமேங்களா" என்று கேட்கவில்லை. பெட்டிக்கு உள்ளே இருப்பதால் அதற்குக் கோடு கிடையாது. கோடுகளைத்தானே நாங்கள் படித்தோம்.

இந்த விதியோடு கிடங்கு ஓடத் தொடங்கிய சில வாரங்களில் ஒரு பட்டியல் வந்தது. ஒரே பெயர், ஒரே முகவரி, ஒரே போன், ஆனால் இரண்டு பிறந்த தேதி. முறைகேடுகளை விசாரிக்கும் பிரிவுக்கு டயான் என்ற அம்மா தலைவர். ஒருவருடைய இன்சூரன்சை வைத்து இன்னொருவர் வைத்தியம் பார்த்திருக்கிறார் என்பது அவர் முடிவு. அவர் நிலையில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். வெள்ளிக்கிழமை அந்தப் பட்டியல் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போவதாக இருந்தது. அதற்கு முன் சரிபார்க்கச் சொல்லி எங்களிடம் வந்தது.

பெயர்கள் மறைக்கப்பட்டிருந்தன. தேதிகள் மட்டும் இருந்தன. நான் கீழே இறங்கிக்கொண்டே போனேன். ஜூன் ஒன்று. மே முப்பது. ஜூன் மூன்று. ஜூன் ஒன்று. மறுபடி ஜூன் ஒன்று. பெரும்பாலான ஜோடிகளில் ஒரு தேதி எங்கெங்கோ இருந்தது. மற்றது பள்ளி திறக்கும் நாளைச் சுற்றியே இருந்தது.

என் பாஸ்போர்ட்டில் இருப்பதும் ஜூன் ஒன்றுதான்.

என் அம்மா என்னைப் பள்ளியில் சேர்க்கக் கூட்டிப் போனபோது எனக்கு நாலரை வயது. தலைமையாசிரியர் பிறந்த தேதி கேட்கவில்லை. "வலது கையத் தலைக்கு மேல கொண்டு போயி இடது காதத் தொடுல" என்றார். எட்டினால் ஐந்து வயது, அதுதான் கணக்கு. என் கை கொஞ்சம் நீளம். தொட்டுவிட்டேன்.

"சார், இவன் சவேரியார் திருநாள் அன்னைக்குப் பொறந்தவன். டிசம்பர் மூணு. அதான் சேவியர்னு பேரு வச்சோம்" என்றாள் அம்மா.

"காது எட்டுதுல்லா?" என்று சொல்லிவிட்டு ஜூன் ஒன்று என்று எழுதினார் அவர். அந்தக் காகிதத்திலிருந்து பாஸ்போர்ட், அதிலிருந்து கிரீன் கார்டு. என் பெயர் ஒரு தேதியைச் சொல்கிறது, என் காகிதம் இன்னொன்றைச் சொல்கிறது.

பட்டியலில் இருப்பவர்கள் இரண்டு இரண்டு பேரல்ல, ஒவ்வொருவர்தான் என்பது எனக்குப் பட்டப்பகல் போலத் தெரிந்தது. சொன்னால் உடனே கேட்பார்கள், உனக்கு எப்படித் தெரியும் என்று. என் தேதியைச் சொல்ல வேண்டும். தேதியைத் தோண்டினால் பள்ளிச் சான்றிதழ் வரும், அதைத் தோண்டினால் ஒன்பதாம் வகுப்பு வரும். வேலை போகும், கிரீன் கார்டும் போகும் என்று என் மனம் ஓடிக்கொண்டே இருந்தது.

சுமதி என் மேஜைக்கு வந்தார். "சேவியர் அண்ணா, இதுல ஒரு வயசான அம்மாவுக்கு மார்ல கட்டிங்களாம். ஆள் யாருன்னு தெளிவாகற வரைக்கும் பயாப்சிக்கு அப்ரூவல் நிறுத்தி வெச்சிருக்காங்களாம். ஏதாச்சும் தெரிஞ்சா சொல்லுங்ண்ணா." "பாக்குறேன் மேடம்" என்றேன்.

மறுநாள் காலை, எங்கள் வீடு இருந்த மான்மவுத் ஜங்ஷனிலிருந்து ஜெசிந்தாதான் காரை ஓட்டினாள். ரூட் ஒன் நெடுஞ்சாலைச் சிக்னலில் நின்றபோது எல்லாவற்றையும் சொன்னேன்.

"சொல்லாம இருந்தா ஒங்களுக்கு என்ன ஆவும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் ஆவாது."

"அந்தக் கட்டிக்கு?"

நான் சிக்னல் விளக்கையே பார்த்தேன்.

"நீங்க என்ன ரெண்டு பாஸ்போர்ட்டா வச்சிருக்கீய? காயிதம் பூராவும் ஒரே தேதிதான? ஞானஸ்நானப் புஸ்தகத்துல இருக்கது அந்தச் சவேரியாருக்குத்தான் தெரியும். எதுக்குக் கெடந்து நடுங்குதீய?"

"வேலை போயிட்டா?"

"போனா நான் சோறு போட மாட்டனா? எறங்குங்க, சிக்னல் உளுந்துட்டு" என்றாள். நடு ரோட்டில் எப்படி இறங்குவது என்று நான் கேட்ட பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பட்டியலைப் பற்றிப் பேச வைத்த கூட்டம் பத்து மணிக்கு. டயான், அவர் ஆட்கள் இரண்டு பேர், சுமதி, நான், பிறகு துவான். துவான் எங்கள் பிரிவில் டேட்டாபேஸைப் பராமரிப்பவர், வியட்நாமிலிருந்து சின்ன வயதில் வந்தவர். நாளுக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம்.

சுமதி வழக்கம்போல எழுந்து சுவரில் விழுந்த படத்தின் பக்கம் போனார். நாங்கள் கோடு போடாத இடத்தை அன்றுதான் முதல்முறையாக வாய்விட்டுப் படித்தார். "ஒரு நோயாளிக்கு ஒரே ஒரு பிறந்த தேதி இருக்க வேண்டும்." அப்புறம் திரும்பினார். "ஆல்வேஸ்?" என்றுதான் கேட்டார். என் காதில் "எப்பவுமேங்களா?" என்று விழுந்தது.

"இல்லை" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் இங்கிலீஷ் எப்போதும் கொஞ்சம் தடுக்கும். அன்று இன்னும் தடுக்கியது. அதனால் எழுந்து நின்று, வலது கையைத் தலைக்கு மேல் கொண்டு போய் இடது காதைத் தொட்டுக் காட்டினேன். "இது எட்டினால் ஐந்து வயது. எங்கள் ஊரில் எனக்குப் பிறந்த தேதி இப்படித்தான் கிடைத்தது. இந்தப் பட்டியலில் இருக்கிற ஜூன் ஒன்றெல்லாம் பெரும்பாலும் இப்படி வந்ததாகத்தான் இருக்கும். ஒரு மருத்துவமனையில் மகன் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பதிந்திருப்பார். இன்னொன்றில் மகள், வீட்டில் கொண்டாடுகிற நாளைப் பதிந்திருப்பார். இருவரும் பொய் சொல்லவில்லை."

டயான் பேனாவைக் கீழே வைத்தார். "உங்களுக்கு எது உண்மையான தேதி?"

"காகிதம் சொல்வது ஜூன். அம்மா சொன்னது டிசம்பர். இரண்டு நாளிலும் நான் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை."

நான் கையை இன்னும் காதிலிருந்து எடுக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"பட்டியலில் ஜனவரி ஒன்றுகளும் இருக்கின்றன" என்றது ஒரு குரல். துவான். "நானும் எண்ணிப் பார்த்தேன். சொல்லத் தயக்கமாக இருந்தது. அகதி முகாமில் காகிதம் இல்லாதவர்களுக்கெல்லாம் அந்தத் தேதியைத்தான் போட்டார்கள். அப்பா, அம்மா, அக்கா, நான். எங்கள் வீட்டில் நாலு பேருக்கும் ஒரே பிறந்தநாள்."

பதினோரு வருஷம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்த மனிதர். ஒவ்வொரு ஜனவரி ஒன்றுக்கும் அவருக்குப் புத்தாண்டு வாழ்த்து மட்டும் சொல்லியிருக்கிறேன்.

டயான் மெதுவாகத் தன் வலது கையைத் தூக்கித் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் பட்டியலை எடுத்துத் தன் கோப்புக்குள் வைத்தார். "யாருக்கும் கடிதம் போகாது. முதலில் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து கேட்போம். அந்த பயாப்சி அம்மா வீட்டுக்கு இன்றைக்கே."

நான் சொன்னது போலவேதான் இருந்தது, மகனுக்குப் பாஸ்போர்ட், மகளுக்குப் பாயசம் வைக்கிற நாள். சனிக்கிழமைக்குள் அனுமதி போய்விட்டது. பயாப்சியில் என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது. நாங்கள் தெரிந்துகொள்ளவும் கூடாது, விதி அப்படி. எனக்குள் அந்தக் கட்டம் இன்றும் 'நல்' தான். நல்லபடியாக இருக்கும் என்று நானே எழுதி நிரப்பிக்கொள்ள இந்தத் தொழில் எனக்குச் சொல்லித் தரவில்லை.

கூட்டம் முடிந்ததும் வராந்தாவில் சுமதியிடம் ஒன்பதாம் வகுப்பையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அவர் வெந்நீரைக் குடித்து முடிக்கும்வரை நான் உயிரோடு இருந்தேனா என்று சந்தேகம்.

"அந்த ஃபார்ம்ல ஹை ஸ்கூல்னு நீங்களா போட்டீங்க?"

"இல்ல மேடம். காலியா விட்டேன். ஆனா திருத்தல."

"அப்ப இன்னைக்குத் திருத்திடுங்க. லெட்டர் நான் எழுதித் தர்றேன். இதுக்காங்ண்ணா இத்தன வருசம் பயந்தீங்க?" என்றார். கூடவே, "அந்தப் பயத்தக் கொஞ்சம் மிச்சம் வெச்சுக்குங்க. நாளைக்கு வேலை இருக்குது" என்றார். அவர் கடிதம் போன பிறகு யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் பிறந்த தேதியை நோயாளியின் பெட்டிக்குள்ளிருந்து வெளியே எடுத்தோம். அதற்கென ஒரு தனிப் பெட்டி. தேதி என்ன, சொன்னது யார், எந்தக் காகிதத்தைப் பார்த்து, என்றைக்கு. நோயாளியிலிருந்து அதற்கு ஒரு கோட்டை இழுத்து விட்டேன். நுனி மூன்றாகப் பிரிந்து காக்கைக்கால் வைத்தது. அதைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எந்தத் தேதியையும் பொய்யென்று தள்ளாமல் இரண்டுக்கும் இடம் கொடுக்க ஒரு பெட்டியும் மூன்று விரலும் போதுமாயிருந்திருக்கிறது. மென்பொருளில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு விளக்கம் எழுத இடம் உண்டு. நான் தட்டுத் தடுமாறி ஒரு வரி எழுதினேன். 'தன் பிறப்பைத் தானே பார்த்தவர் எவரும் இல்லை. இது அவருக்குப் பிறர் சொன்ன தேதி.' சுமதி அதில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. பென்சில் புள்ளியும் வைக்கவில்லை.

விருந்தில் திவ்யாவின் போனை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, டூல் வரைந்த படத்தில் நான் தேடியது அந்த இடத்தைத்தான். நோயாளியின் பெட்டிக்கு வெளியே, தனியாக, மூன்று விரலோடு இருந்தது.

"இப்படி வரையச் சொல்லி நீயாம்மா சொன்ன?"

"இல்ல அங்கிள். பழைய மாடல் எல்லாம் அதுக்குக் குடுத்து வெச்சிருக்கோம். அதுலேர்ந்து எடுத்திருக்கும். ஏன், தப்பா?"

"தப்பில்லம்மா" என்று போனைத் திருப்பிக் கொடுத்தேன். ஜெசிந்தா என் முகத்தைப் பார்த்துவிட்டு என் தட்டை வாங்கிக்கொண்டாள்.

இந்த வாரம் முழங்கால் வலிக்கு எக்ஸ்ரே எடுக்க எங்கள் பழைய குழுமத்தின் கிளினிக்குக்கே போனோம். முன் மேஜையில் இருந்த பெண் பிறந்த தேதி கேட்டாள். ஜூன் ஒன்று என்றேன். காகிதத் தேதிப்படி, அம்மா சொன்ன தேதிக்கு ஆறு மாதம் முந்தியே ஓய்வும் பெற்றாயிற்று, இனி என்ன? என்றாலும் அந்தக் கேள்வி கேட்டால் இன்றும் எனக்குப் பயம்தான். அவள் திரையைப் பார்த்தாள்.

"இங்கே டிசம்பர் மூன்று என்றும் ஒன்று இருக்கிறதே. அதுவும் நீங்கள்தானா?"

எப்போதோ ஜெசிந்தா என் பெயரைப் பதிந்தபோது சொல்லியிருக்கிறாள், பட்டியலில் இருந்த அந்த மகள்களைப் போல.

"அதுவும் நான்தான்" என்றேன்.

"சரி, போய் உட்காருங்கள்" என்றாள், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

நான் நகராமல் அங்கேயே நின்றேன். அந்தத் திரைக்குப் பின்னால் எங்கோ ஒரு கோடு மூன்றாகப் பிரிந்து என்னைத் தாங்கிக்கொண்டிருந்தது. நாற்காலி வரிசையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஜெசிந்தா கூப்பிட்டாள்.

"எதுக்கு அங்கயே நிக்கீய? ரெண்டு பேரும் வந்து உக்காருங்க."